முப்பதாவது கிலோமீட்டர்

ஒப்பந்தத்தில் என் பெயருக்குப் பக்கத்தில்
ஓர் எண் இருக்கும்: முப்பது.
அதுவரை கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம் இரண்டு நொடி.
காற்று முதலில் என் மார்பில் மோத வேண்டும்,
பின்னால் வருகிறவர்களுக்கு மிச்சக் காற்று.
முப்பதில் இடப்பக்கம் ஒதுங்கிவிட வேண்டும்.

எனோக் சிமட்வா என் முதுகைப் பார்த்தபடி
ஆறு நகரங்களில் ஓடியிருக்கிறான்.
அவன் முதுகு எனக்குக் கிடைப்பது
ஒதுங்கிய பிறகுதான்:
சிறுத்துக்கொண்டே போகும் மஞ்சள் பனியன்.

ஈட்டெனில் ஒரே பெஞ்சில் படித்தோம்.
இருவருக்கும் ஒரு ஜோடி ஷூ,
செவ்வாய் அவனுக்கு, வியாழன் எனக்கு.
அவன் பாதம் பெரிது.
ஷூ தொளதொளத்தது அவனால்தான் என்று
இன்றைக்கும் சொல்வேன், கேட்டால்.
யாரும் கேட்பதில்லை.

ஒதுங்கியதும் ஒரு பெண் ஓடிவந்து
வெள்ளித்தாளால் என்னைச் சுற்றுவாள்,
மிஞ்சிய சப்பாத்தியைச் சுற்றுவதுபோல.
பேருந்தில் கால் பிடித்துக்கொண்டவர்கள்,
வாந்தி எடுத்தவர்கள்,
எதுவும் ஆகாத நான்.
எங்கே வலிக்கிறது என்று ஜாடையில் கேட்பார் ஓட்டுநர்.
அவர் மொழியில் பதில் தெரியாது.
என் மொழியிலும்.

எல்டோரெட் விமான நிலையத்தில்
சுரைக்குடுக்கையில் புளித்த பால் காத்திருக்கும், எனோக்குக்கு.
தள்ளுவண்டியில் அவன் பெட்டியும் என் பையும்.
தள்ளுவது நான்.
குடுக்கையின் வாயைத் துடைத்து
யாரோ எனக்கும் நீட்டுவார்கள்.
அடியில் கரி தங்கியிருக்கும்.

சாலைத் திருப்பத்தில் அவன் வீடு, நீலக் கூரை.
பன்னிரண்டு ஜன்னல்கள்.
எண்ணாமல் அந்த வீட்டை நான் தாண்டியதே இல்லை.

"முப்பத்தொன்றையும் ஓடினால்
யார் வந்து அடிக்கப் போகிறார்கள்?" என்றாள் ஜெரோனோ,
வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

போன ஏப்ரலில் ஓடினேன்.
முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.
இடப்பக்கம் வெள்ளித்தாளோடு நின்றவள்
பேர் சொல்லத் தெரியாமல் ஏதோ கத்தினாள்.
முப்பத்தைந்தில் என் கால்கள்
வேறு யாருடையவோ ஆகிவிட்டன,
நான்தான் அவற்றைச் சுமந்துபோனேன்.
ஒன்பதாவதாக வந்தேன்.
எனோக் நாலாவது.

அவன் தோற்றதில்
அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன்.
உண்மையைச் சொன்னால் முக்கால்.

இரவு விடுதிக் கதவைத் தட்டினான்.
கையில் ஐஸ் கட்டிப் பை.
"உன் பின்னால் ஓடும்போது
நான் கடிகாரம் பார்ப்பதே கிடையாது" என்றான்.
"இன்றைக்குப் பார்த்தேன்.
இருபத்தெட்டிலேயே நீ எனக்காக ஓடவில்லை."
கோபம் இல்லை அவன் குரலில்.
இருந்திருந்தால் தூங்கியிருப்பேன்.

ஊர் திரும்பி, விடியுமுன்,
செம்மண் பாதையில் தனியாகப் பன்னிரண்டு கிலோமீட்டர்.
கடிகாரத்தைப் பைக்குள் போட்டிருந்தேன்,
பார்க்காமல் ஓடிப் பார்க்க.
கெரியோ பள்ளத்தாக்கு முழுக்க மேகம்.
பின்னால் யாரும் இல்லை,
இருந்தும் யாருக்கோ காற்றைத் தடுத்துக்கொண்டே ஓடினேன்.

வீட்டில் எடுத்துப் பார்த்தால்
மூன்று இருபது, மூன்று இருபது, மூன்று இருபது.
ஒன்பதாவது மட்டும் மூன்று இருபத்தாறு.
அங்கே ஒரு பசு குறுக்கே வந்தது,
எனக்கு நினைவிருக்கிறது, வெள்ளை நெற்றி.
ஜெரோனோவிடம் காட்டினேன்.
"இதற்கு எவ்வளவு தருவார்கள்?" என்றாள்.
"ஒன்றுமில்லை."
மறுபடி வாங்கிப் பார்த்தாள்.
"பசுவைத் தவிர எல்லாம் ஒன்றுபோல இருக்கிறதே" என்றாள்.
அதைத்தான் நான் யாராவது சொல்ல வேண்டும் என்றிருந்தேன் போல.

அடுத்த ஒப்பந்தத்தில் எண்ணை விட்டிருந்தார்கள்.
முப்பது என்று நானே எழுதினேன்.

அன்றைக்குத் திருப்பத்தைத் தாண்டிச்
சந்தைவரை வந்த பிறகுதான் உறைத்தது,
ஜன்னல்களை எண்ண மறந்திருந்தேன்.
திரும்பிப் போய் எண்ணவில்லை என்று சொன்னால்
அது பொய்.
பதினொன்றுதான் இருந்தன.