நொடிக்கொரு முறை

புது விதிப்படி
என் டிரோன் இனி நொடிக்கொரு முறை
தன் எண்ணைச் சொல்லும், உயரத்தைச் சொல்லும்,
நான் நிற்கும் இடத்தையும் சொல்லும்.

கடைசியில் சொன்னதுதான் உறுத்துகிறது.

மாங்கூழ் ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்து
பாரூர் ஏரிக்கரைக்கு ஸ்கூட்டியில் வருவேன்,
கை முழுக்க பெங்களூரா மாம்பழப் பிசுக்கு.
நான் எங்கே என்று வீட்டுக்குத் தெரியாத
இருபத்திரண்டு நிமிடம்,
ஒரு பேட்டரியின் ஆயுள்.

மேலிருந்து
கொக்கெல்லாம் சிதறிய கல்லுப்பு.
தோப்பு, சீப்புப் படாத தலை.
அதைத் தாண்டினால் கிரானைட் குழி:
பச்சைத் தண்ணீர், கேக் வெட்டினாற்போல் சுவர்.
கிராமக் கணக்கில் அது இன்னும்
மேய்ச்சல் மேடு.

போன வாரம் பைக்கில் இருவர் வந்தார்கள்.
போனை நீட்டினார்கள். திரையில் ஒரு புள்ளி.
"இது நீதானேம்மா?"
நான்தான்.
ஏரியே அழகாத்தானே இருக்கு,
மேட்டுப் பக்கம் எதுக்கு என்றார்கள்.
போலீஸா என்று கேட்டேன்.
சிரித்தார்கள்.

அவர்களுக்குப் பின்னால் போனது
கல் ஏற்றிய டாரஸ் லாரி.
நம்பர் பிளேட் முழுக்க அப்பிய சேறு.

மழை பெய்து நாற்பது நாள் ஆகிறது.

இன்று இறக்கைகளைத் துடைத்து மாட்டினேன்.
கோணலாய் இருந்த பதிவெண் ஸ்டிக்கரை
உரித்து நேராக ஒட்டினேன்.
எண்ணை அது சொல்லிக்கொள்ளும்.
பெயரை நானே சொல்கிறேன்:
முனிரத்னா. இரண்டாவது மதகு.
மேட்டைப் பார்த்து நிற்கிறேன்.

காற்று குறைவு.
பேட்டரி நூறு.