டூல் பாக்ஸ்

கத்தி மூன்று,
கத்தரிக்கோல் ஒன்று, அரிவாள்மனை,
ஸ்டெல்லாவின் தையல் டப்பாவிலிருந்த பிளேடு:
எல்லாம் இப்போது பிக்கப்பின் டூல் பாக்ஸில்,
ஜாக்கிக்கும் வீல் ஸ்பேனருக்கும் நடுவே
பழைய லுங்கியில் சுற்றிக் கிடக்கின்றன.

விடிகாலை ஐந்தரைக்கு
பனியில் முக்காடு போட்டுக்கொண்டு
ஸ்டெல்லா வண்டிக்கு வருவாள்.
டெயில்போர்டில் தட்டை வைத்து வெங்காயம் நறுக்குவாள்.
துடைத்துத் தருவாள். எண்ணி வாங்கிப் பூட்டுவேன்.
லைன்வீட்டுப் பிலோமினா ஒருநாள் கேட்டாள்:
“என்னண்ணே, வண்டியிலயே சமையலா?”
சிரித்தோம்.
இரண்டு பேரும் ஒரே அளவு சிரித்தோம்.

வியாழக்கிழமை சேலத்துக்கு இறங்குவோம்.
ஜெனிட்டா ஜன்னலோரம்.
கதவு லாக்கை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் கிளப்புவேன்.
இருபது கொண்டை ஊசி.
காப்பிக்கொட்டையும் மிளகுமாய்
இருபத்திரண்டு வருஷம் இறக்கின ரோடு.
இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதே,
சூடேறினால் பிடிக்காது,
இரண்டாவது கியரில் விடு, இன்ஜினே பிடிக்கும் என்று
எத்தனை பையன்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.
“மாத்திரைய டக்குனு நிறுத்தக் கூடாது, படிப்படியாத்தான்”
என்று டாக்டரம்மா சொன்னபோது
அது ஒன்றுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

மற்றதெல்லாம்
எந்த ஜன்னலில் சீட்டு, எந்த ஜன்னலில் முத்திரை.
‘வயது 15, பெண்.’
அதற்கடுத்த வரி இங்கிலீஷில்.
மருந்துக் கடைப் பையன் அதைப் படிக்கிறான்,
நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கிறான்.

“அப்பா வெளிய இருங்க.”
கதவு.
நாற்பது நிமிஷம்.
சாம்பாரில் உப்பில்லை என்றுகூடச் சொல்லாத பிள்ளை
உள்ளே யாரிடமோ எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பெஞ்சில் ஓர் ஓமலூர்க்காரர்.
“புதுசா?” என்றார்,
ஸ்டாண்டுக்கு வந்த வண்டியை விசாரிப்பதுபோல.
“ஏழு மாசம்.”
“நமக்குப் பதினோரு வருஷம்.”
டப்பாவைத் திறந்து ஓர் இட்லியை என் கையில் வைத்தார்.
அவர் மகன், காதோரம் நரைத்த மகன்,
அந்த இட்லியையே பார்த்துக்கொண்டிருந்தான்.
எனக்கு இறங்கவில்லை.

லீவ் லெட்டரில் முதலில் டைபாய்டு என்று எழுதினேன்.
அடுத்து மஞ்சள் காமாலை.
மூன்றாவது லெட்டர் எழுதுவதற்குள்
ஹாஸ்டல் பெட்டியை வாசலில் வைத்துவிட்டார்கள்.
“ஜெபத்துல வச்சிருக்கோம்” என்றார் சிஸ்டர்.
பங்குச் சாமியாரும் தலையில் கை வைத்தார்.
சேர்வராயன் குகைக்குள்ளும் குனிந்து போய் வந்தேன்,
ஸ்டெல்லாவிடம் சொல்லாமல்.
வீட்டு வாசலில் அவள் செருப்பிலும்
அதே செம்மண்.

ராத்திரிக்கு அரை மாத்திரை.
அரையாக்குவதற்கும்
டூல் பாக்ஸைத்தான் திறக்க வேண்டும்.
ஸ்டெப்னிக்குப் பின்னால் காந்தத்தில் ஒட்டியிருக்கும் சாவியை
வீட்டுப் பக்கம் முதுகைக் காட்டி எடுப்பேன்.
போன செவ்வாய் அப்படி எடுத்துத் திறந்து
கத்தியைக் கையில் பிடித்தபோது
பின்னால் ஜெனிட்டா.

கையில் மாம்பழம்.
நான் கீழிருந்து வாங்கிவந்த மல்கோவா.
நான்கு நாளாக யாரும் தொடாதது.
“வெட்டித் தாங்கப்பா.”

கத்தியை மறைப்பதா, சிரிப்பதா,
அவள் கையிலேயே கொடுத்தால் டாக்டரம்மா என்ன சொல்வார்,
கொடுக்காவிட்டால் இவள் என்ன நினைப்பாள்.
இருபதாவது வளைவில் எதிரே லாரி வந்தால்கூட
எனக்கு இவ்வளவு நேரம் ஆகாது.

போனில் டார்ச்சைப் போட்டு அவளே பிடித்தாள்.
வெளிச்சம் ஆடியது.
அவள் கையா, என் கையா.
“கோணலா வெட்டுறீங்க.”
“டிரைவர்மா நானு.”

துடைத்தேன். லுங்கியில் சுற்றினேன்.
அவள் பார்த்துக்கொண்டிருக்க, முதல் தடவையாக,
பூட்டினேன்.
சாவியோடு கொஞ்ச நேரம் நின்றேன்.

“ஸ்டெப்னிக்குப் பின்னாடிதானே வைப்பீங்க,”
கொட்டையைச் சப்பிக்கொண்டே சொன்னாள்,
“எனக்கு மொத நாள்லேர்ந்து தெரியும்ப்பா.”