நிறம்

வயாலாவில் அக்டோபரிலேயே உலைவாய் திறந்துவிடும்.
இரும்பாலையின் செந்தூசி
துணிக்கொடியில் என் வெள்ளைச் சட்டைகளை
ஒருநாளும் வெள்ளையாக விட்டதில்லை.
அந்தக் கொடிக்குக் கீழேதான் இறக்கினோம்
நானும் கோரினும்
ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியை.
முன்பு அதில் சோயா சாஸ் இருந்ததாம்.
ஏழு முறை கழுவியும்
தூறல் விழுந்தால் நூடுல்ஸ் வாசம்.

மேல்பாதியில் கொஞ்சம் கிரைண்டரால் அறுத்து
கவிழ்த்து வைத்தால் செடிப்படுகை.
கீழே மீன். மேலே கீரை. நடுவே ஒரு பம்பு.
இவ்வளவுதானே, என்றேன்.
எத்தனை பேரைக் குப்புறத் தள்ளிய சொல் அது.

மீனை உடனே விடக்கூடாது.
கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் முதலில்
தண்ணீருக்குள் குடியேற வேண்டும்.
அதற்குத் தீனி அம்மோனியா.
கடையில் பாட்டில் பதினான்கு டாலர்.
அல்லது,
தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான் கோரின்,
நம்மிடமே இருக்கிறது.

இப்படியாக
கராஜின் பின்சுவரோரம்
மூன்று பால் கேன்கள்,
மூடி இறுக்கி, தேதி எழுதி,
ஊறுகாய் ஜாடிகளின் கௌரவத்தோடு
வெயிலில் நின்றன.
வேலிக்கு மேல் எட்டிப் பார்த்த ஸ்லாவ்கோ
"ஆப்பிள் ஒயினா?" என்றார்.
நான் பொய் சொல்லவில்லை.
"இன்னும் பக்குவமாகவில்லை."

இரவில் டார்ச் வெளிச்சத்தில் சோதனைக்குழாய்.
சொட்டு எண்ணி விட்டு, குலுக்கி,
ஐந்து நிமிடம்.
மஞ்சள் என்றால் மீன் பிழைக்கும்.
பச்சை என்றால் விஷம்.
பதினெட்டு நாள் பச்சை.
நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும்
பூட்ஸைக் கழற்றாமலே கேட்பான்:
"நிறம்?"
எப்படி இருக்கே என்று கேட்பதை
அந்த மாதம் விட்டுவிட்டோம்.

தண்ணீரின் காரமும் இறங்கவில்லை.
மாலை அமிலம் ஊற்றினால் இறங்கும்,
விடிவதற்குள் பழைய எண்ணிலேயே
வந்து படுத்திருக்கும், விரட்டிய பூனை மாதிரி.
கடைசியில் ஒரு கைப்பிடி ஜல்லியை
டீக்கப்பில் போட்டு வினிகர் ஊற்றினேன்.
சர்ரென்று நுரைத்தது.
காதருகே வைத்தேன், கல் சிரித்தது.
சுண்ணாம்புக்கல்.

நானூறு கிலோ.
பாதி விலைக்கு ட்ரெய்லரில் ஏற்றி வந்தது யார்
என்ற கேள்வியை இருவரும் தூக்கவில்லை,
வாளிகளை மட்டும் தூக்கினோம்.
ஜல்லியோடு போயிற்று
அதில் ஒட்டி வாழத் தொடங்கியிருந்த கூட்டமும்.
இருபத்தாறாம் நாள்
மறுபடி ஒன்றாம் நாள்.

ஸ்லாவ்கோ தன் வாசலில் பரப்பியிருந்த
சிவப்பு எரிமலைக் கல்லை வாரித் தந்தார்.
"எடுத்துக்கொள். எனக்கு அந்த ஒயினில் ஒரு கேன் போதும்."
இனி மறைக்க முடியாது. சொன்னேன்.
அவர் மீசை
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
உள்ளே போனார்.
ஒரு காலி கேனோடு திரும்பி வந்தார்.
"ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறேன்,
பரவாயில்லையா?"

டிசம்பரில் ஒரு விடியற்காலை
குழாயில் மஞ்சள்.
டார்ச்சை அணைத்துப் பார்த்தேன்,
சூரியனுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன்,
மஞ்சள்தான்.
உலையருகே நின்ற கோரினுக்கு
ஒற்றைச் சொல்லில் செய்தி அனுப்பினேன்.
ஒரு மணி நேரம் பதிலில்லை.
பிறகு அதே சொல் திரும்பி வந்தது.

இருபது சில்வர் பெர்ச் குஞ்சுகள்,
பையோடு மிதக்கவிட்டு, மெல்ல அவிழ்த்தோம்.
மறுநாள் எண்ணினால் பதினேழு,
இன்னொரு தரம் எண்ணினால் இருபத்திரண்டு.
ஒன்றுகூட ஓரிடத்தில் நிற்பதில்லை.
தொட்டி விளிம்பில் முழங்கை ஊன்றி
கோரின் திரும்பிப் பார்த்தான்.
"நீ எப்படி இருக்கே?"

பழக்கதோஷம்,
கை சோதனைக்குழாயைத் தேடியது.