பதினான்கு விழுக்காடு

பூம்பாறை வளைவில் வண்டியை நிறுத்தி
எல்லோரும் படம் எடுக்கிற இடத்தில்
நான் விரல்தடங்களைத்தான் பார்த்தேன்.
யாரோ சக்கரத்தில் மலையை ஏற்றி
ஈரம் காயுமுன் உள்ளங்கையால் அமுக்கி
தடங்களை வழித்துவிட மறந்தது போல
படிப்படியாய்ப் பூண்டுக் காடுகள்.

இந்த உவமை எனக்கு ஒரு வருடச் செலவு வைத்தது.

பீங்கான் மண்
வெண்ணெய் போல் இருக்கும், வெண்ணெய் போலவே சரியும்.
தண்ணீர் ஒரு சொட்டு கூடினால் உட்கார்ந்துவிடும்.
அதோடு எதையும் மறக்காது.
பலகையிலிருந்து எடுக்கையில் ஓரம் லேசாய் வளைந்து
நான் நிமிர்த்தி, தடவி, சமாதானம் சொல்லி வைத்த தட்டு
ஆயிரத்து இருநூற்று எண்பது டிகிரியில்
பழைய வளைவை நினைத்துக்கொண்டு
அதே பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறது.

மன்னவனூர் சாலையில் புதிதாய் வந்த விடுதிக்கு
முப்பது தட்டுகள்.
எங்கள் ஜன்னலில் தெரிவது தட்டிலும் தெரியணும்
என்றார் மேலாளர்.
முடிந்தால் பனியோடு.

முதல் சோதனை வில்லை: சுண்ணாம்புச் சுவர்.
நான்காவது: ஆறிய பாலின் ஆடை.
ஏழாவது எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் அது
ஊட்டியின் பனி. இங்கே இறங்குவது வேறு.
பதினொன்று சூளைப் பலகையோடு ஒட்டிக்கொண்டது;
உளி வைத்துப் பெயர்த்தேன், பலகையும் போனது.

சிலிண்டர் ஏற்றி வரும் குழந்தைவேலு ஒருநாள்
ஒரு மூட்டைச் சாம்பலையும் இறக்கினான்.
பூண்டுத்தாள் எரித்தது. "ஏனம் வெளக்க ஆகும்ல."
சலித்து, கழுவி, மூன்று நாள் தெளியவைத்து
பாறைமாவோடு கலந்தேன்.
பன்னிரண்டு:
மேட்டில் மெலிந்து, பள்ளத்தில் தேங்கி,
பச்சை என்றும் சாம்பல் என்றும் சொல்ல முடியாமல்
காலை ஆறேமுக்காலுக்கு ஓடையிலிருந்து கிளம்பி
பாதி வழியில் நின்றுவிட்டது.

சூளை திறந்த அன்று அவனும் இருந்தான்.
கையைச் சட்டையில் துடைத்து ஒரு தட்டை எடுத்தான்.
திருப்பினான். மறுபடி திருப்பினான்,
வரைபடத்தில் வடக்கைத் தேடுகிறவன் மாதிரி.
"இது எங்க சித்தப்பா காடுல்ல?
வாய்க்கால விட்டுட்டீங்க.
மழ பேஞ்சா தண்ணி எங்கிட்டுப் போகும்?"

தட்டுக்கு எதற்கு வாய்க்கால் என்று வாயெடுத்தேன்.
பிறகு, ரசம் எங்கே போகும் என்று யோசித்தேன்.

"சின்னதாப் போச்சே."
நெருப்பில் எல்லாம் சுருங்கும், நூற்றுக்குப் பதினாலு,
முன்பே கணக்குப் போட்டுத்தான் பெரிதாய்ச் செய்வேன் என்றேன்.
"அப்படியா. ஓட்டல்காரங்க வந்து அளந்தப்பவும்
கிட்டத்தட்ட அவ்வளவுதான் கொறஞ்சுச்சு."
சிரித்தான்.
நானும் சிரிக்கலாமா என்று அவன் முகத்தில் தேடினேன்.
அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் படியில்
குண்டூசித் தலையளவு கரும்புள்ளி.
மண்ணில் இருந்த இரும்புத்துகள். இந்த ஒன்றைக்
கழிவில் போட வேண்டும் என்றிருந்தேன்.
அவன் அதன்மேல் ஆட்காட்டி விரலை வைத்தான்.
"அவங்க தண்ணி டேங்க்கு.
கரெக்டா வெச்சிருக்கீங்க."

அன்றிரவு, ஆறிக்கொண்டிருந்த தட்டுகள்
இருட்டில் ஒவ்வொன்றாய்க் கிணுங்கின.
மேற்பூச்சு மண்ணைவிட வேகமாய்ச் சுருங்கினால்
அப்படித்தான் சத்தம் வரும்.
எந்தத் தட்டென்று எழுந்து பார்க்கவில்லை.

பத்திரிகைத் தாளில் சுற்றி, வைக்கோல் அடைத்து
முப்பதையும் அவன் வண்டியில்தான் அனுப்பினேன்.
புள்ளி வைத்தது நடுவில் எங்கோ இருக்கிறது.
விடுதியில் எந்த மேசைக்குப் போகுமோ.

மறுநாள் விடியலில் ஜன்னலுக்கு வெளியே
பன்னிரண்டாம் எண் இறங்கியிருந்தது.
மலை இல்லை, சாலை இல்லை, டேங்க் இல்லை.
கொஞ்சம் அடர்த்தி அதிகம்.
நோட்டில் குறித்துக்கொண்டேன்.