இன்னும் டிசம்பர்

அஸ்தம்பட்டி ரவுண்டானா தாண்டும்போது
ஜன்னலோர இடம் கிடைத்துவிட்டது.
வேதியியல் ரெக்கார்டு நோட்டின் கடைசித் தாளில்
'அடுத்த வருடம்' என்று எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டேன்.
ஸ்கேல் இல்லாமலே நேராக வந்தது.
கோரிமேடு வரைக்கும் சாலை நல்ல பிள்ளை.

அடிவாரத்தில் வண்டி ஊர்ந்தது.
முன்னால் பெங்களூர் கார்கள், பின்னால் ஈரோட்டு பைக்குகள்.
எல்லோருக்கும் இன்றிரவு பன்னிரண்டு மணியை
மலை மேல் வைத்துப் பார்க்க வேண்டுமாம்.
எனக்கு வீடு அங்கே இருக்கிறது, அவ்வளவுதான்.
ஹாஸ்டலில் மூன்று நாள் லீவு,
அம்மாவுக்கோ காப்பிப் பழம் பறிக்கிற மும்முரம்.

முதல் வளைவு வருவதற்குள் நான்கு எழுதிவிட்டேன்.
நகம் கடிப்பதில்லை.
வேதியியலில் அறுபதுக்குக் கீழே போவதில்லை.
ஷூவுக்கு ஆயிரத்து இருநூறு சேர்ப்பது,
அதில் கைவைத்துத் தட்டுவடை செட் தின்னாமல்.
ஜெஸிந்தாவிடம் நானே போய்ப் பேசுவது,
தப்பு அவள் மேல்தான் என்றாலும்.

மூன்றாவது வளைவில்
'காலை ஐந்து மணிக்கு' என்ற வரி
மணியில் சறுக்கி
மார்ஜினைத் தாண்டி வெளியே போனது.
ஐந்தாவதில் எழுதியதை என்னாலேயே படிக்க முடியவில்லை.
தினமும் ஓடுவதா, தினமும் பாடுவதா,
எதுவானாலும் தினமும்.

ஏழாவதில் யாரோ எலுமிச்சம்பழத்தைக் கீறினார்கள்.
பஸ் முழுக்க அந்த வாசம்.
வாசம் மூக்கில் இருக்கும்போதே, ஏனோ, எழுதினேன்:
எந்த ஊர் என்று கேட்டால்
சேலம் என்று சொல்லக் கூடாது.
நாகலூர்.
மலைக்காரி என்று பின்பெஞ்சில் சிரித்தால்
கூடச் சேர்ந்து சிரிக்கக் கூடாது.
இதை மட்டும் பொடி எழுத்தில்,
பக்கத்து இருக்கை அக்கா பார்க்காதபடி
முழங்கையால் மறைத்து.

பதினொன்றில் வண்டி நின்றேவிட்டது.
மேலே ஒரு வேன் ரேடியேட்டர் கொதித்து நிற்கிறதாம்.
கண்டக்டர் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்.
கீழே சேலம்
ஒவ்வொரு விளக்காகப் போட ஆரம்பித்தது.
வெள்ளிப் பட்டறைகள் எந்தப் பக்கம்,
என் ஹாஸ்டல் மொட்டை மாடி எந்தப் பொட்டு,
தேடினேன். தெரியவில்லை.
இப்போது கை ஆடவில்லை, எழுத்து அழகாக வரும்.
எழுதத்தான் எதுவும் வரவில்லை.

அக்காவின் மடியில் பையன், நாலு வயசிருக்கும்.
திரும்பக் கிளம்பிப் பதிமூன்றாவது வளைவில்
தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.
அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.
மலையேறும் பஸ்ஸில் வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும்.
பை இல்லை. துண்டு இல்லை.
கிழித்தேன்.
பொரிகடலைக்காரர் சுற்றுவதுபோலக்
கூம்பாகச் சுற்றி நீட்டினேன்.

ஐந்து மணி, ஷூ, நகம், ஜெஸிந்தா,
எல்லாவற்றின் மேலும்
அவன் மதியம் தின்ற தயிர்ச்சோறு.
ஜன்னல் வழியே போட்டபோது
இன்னும் தூங்கப் போகாத ஒரு குரங்கு
கைப்பிடிச் சுவரிலிருந்து குனிந்து பார்த்து
முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மிச்ச வளைவு முழுக்க ஞாபகப்படுத்திப் பார்த்தேன்.
பொடி எழுத்தில் எழுதியதுதான் முதலில் வந்தது.
பிறகு ஜெஸிந்தா வந்தாள், முறைத்துக்கொண்டே.
அறுபது மார்க் வரவில்லை.
அது வராதென்று எழுதும்போதே தெரியும்.

ஏரி தெரிந்ததும்
பையனின் வாயை முந்தானையால் துடைத்துவிட்டு
"ரொம்ப நன்றிம்மா. எந்த ஊரு நீ?" என்றார் அக்கா.

"சேலம்."

வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது.
கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.
நாகலூருக்கு எனக்கு டிக்கெட் கொடுத்தவர் அவர்தான்.

மணி ஆறே முக்கால்.
இன்னும் ஐந்தேகால் மணி நேரம்
டிசம்பர்தான்.