இரண்டு அங்குல நிழல்

மதீனத் சாயிதைத் தாண்டிப் பதினேழாவது கிலோமீட்டரில்
முதலில் தப்பாகத்தான் எழுதினேன்,
ஃபீல்டு புத்தகத்தின் ஓரத்தில்,
ஆப்பு எண்களுக்கும் மட்டங்களுக்கும் நடுவே:
"கறுப்புச் சிட்டு, ஒன்று."

சிட்டு இப்படிப் பாடிக்கொண்டு மேலே போகாது.

தூத்துக்குடி உப்பளச் சாலையை அளந்த வருடம்
அங்கே ஒரு வானம்பாடியோடு பழக்கம்.
அது உயரே போய்ச் சிறகை மடக்கிக்
கல்லாய் விழும்.
தொலைந்தது என்று நாம் கண்ணை மூடுகையில்
ஆள் உயரத்தில் மனம் மாறி மறுபடி ஏறும்.
இதுவும் விழும் என்று அண்ணாந்து நின்றேன்.
கழுத்து வலித்ததுதான் மிச்சம்.
சிறகை மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டு
வட்டம் வட்டமாய் மிதந்து
யாரோ கயிறு கட்டி இறக்குவதுபோல்
இறங்கி வந்தது.

டோட்டல் ஸ்டேஷனை அதன் பக்கம் திருப்பினேன்.
முப்பது மடங்கு. நாற்பத்தொரு மீட்டர்.
குறுக்குக் கம்பிகள் நெஞ்சில் வந்து நின்றன.
அடிவயிறு முழுக்கத் தார்.
அங்கே உச்சி சாம்பல், இங்கே கறுப்பு.
நெற்றியில் ஒரு வெள்ளை, கன்னத்தில் ஒரு வெள்ளை,
பெயின்ட் அடித்தவன்
தூரிகையைத் துடைத்த மாதிரி.
கானலில் அது ஆடியது.
சிட்டை அடித்துவிட்டு எழுதினேன்:
"கருந்தலை வானம்பாடி."

மறுநாள் அதே பக்கத்தில் இன்னொன்று.
"வேறு பறவை. மண் நிறம்.
அடையாளம் ஏதுமில்லை."

அப்தல்பாகி கிரேடரின் ஏணியில் நின்று பார்த்தான்.
இது எங்கள் கொர்தோஃபானிலும் உண்டு, என்றான்,
ரோட்டிலேயே உட்காரும், லாரிக்கு எழுந்திருக்காது.
என்ன பெயர் சொல்வீர்கள்?
பெயரா? ஹாரன் அடிப்போம்.

மே மாதம். மதிய ஓய்வுச் சட்டம்
ஜூன் பாதியில்தான் தொடங்கும்.
பதினேழு, முந்நூற்று நாற்பது:
நான் அடித்த ஆப்பு, இரண்டுக்கு இரண்டு மரம்.
அதன் வடக்கே, அது போட்ட நிழலில்
ஒரு குழி, இரண்டு முட்டை,
சுற்றிலும் கூழாங்கல் வரப்பு.
கறுப்பு எழுந்து ஓடியது,
மண் நிறம் வந்து உட்கார்ந்தது.
பத்து நிமிடத்தில் மண் நிறம் போனது,
கறுப்பு வந்தது.
ஷிஃப்ட் மாறும்போது இரண்டும்
ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை,
எங்கள் கேம்ப் போலவே.
"வேறு பறவை"யை அடித்தேன்.
"அதே பறவை. பெண்."

பன்னிரண்டு மணிக்கு
சூரியன் ஹெல்மெட்டின் நடுவில் நிற்கும்.
ஆப்பின் நிழல் ஆப்புக்குள்ளேயே போய்விடும்.
அப்போது அது உட்காராது.
காலை ஊன்றி எழுந்து, சிறகை லேசாய் விரித்து,
வாயைத் திறந்து வைத்துக்கொண்டு
முட்டைகளின் மேல்
தானே நிழலாய் நிற்கும்.
முட்டைக்குச் சூடு கொடுக்க அல்ல,
சூட்டை எடுக்கத்தான்
இந்த ஊரில் அடைகாப்பது என்று
எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

செவ்வாய்க்கிழமை பிளேடு இறங்க வேண்டும்.
ஆப்பைப் பிடுங்கினால் நிழல் போகும்.
விட்டால் கிரேடர் வரும்.
மூன்று மீட்டர் தள்ளிப் புதிதாய் ஓர் ஆப்பு அடித்தேன்.
காரணம் என்ற கட்டத்தில்: "பாறை."

இந்த மணலிலா? என்று கேட்டார் இன்ஜினியர்.
சிறியதுதான் சார், என்றேன்.
கையொப்பம் போட்டார்.

கிரேடர் அதைக் கடந்த நேரம்
அப்தல்பாகி ஹாரன் அடிக்கவில்லை.
அதுவும் எழவில்லை.

மூன்று வாரம் வேறு பகுதியில் வேலை.
திரும்பி வந்தபோது குழி காலி.
நரியா, பாம்பா, பறந்ததா
என்று எழுதுவதற்குப் புத்தகத்தில் கட்டம் இல்லை.
குந்தி உட்கார்ந்து வரப்பின் கற்களை எண்ணினேன்.
அறுபத்திரண்டு.
அதில் ஒன்று கல் அல்ல,
வெல்டிங் கசடு,
எங்களுடையது.