ஒரு பக்கத்துக்குள் திரியெஸ்தே

ஒரே பக்கம், என்றார் ஃபுல்வியோ.
ஊருக்குப் புதிதாக வருபவர்களுக்கு
அவசியமான தகவல் மட்டும்.
வர்ணனை வேண்டாம், ஒந்தினா.

இருபத்திரண்டு வருடமாகக்
குடியிருப்புப் பதிவு மேசையில் முத்திரை குத்துகிறேன்.
வர்ணனைக்கு எனக்கு ஏது நேரம்?
சரி, எழுதுகிறேன்.

பேருந்துச் சீட்டு வாங்கினால் மட்டும் போதாது.
ஏறியதும் இயந்திரத்தின் வாயில் கொடுக்க வேண்டும்.
அது கடித்துத் தராத சீட்டு வெறும் தாள்.
பரிசோதகரிடம் அழுது பயனில்லை.
நான் அழுது பார்த்திருக்கிறேன்.

காப்பி கறுப்பாக வேண்டுமென்றால் 'நேரோ'.
மேலே கொஞ்சம் பால்நுரை என்றால் 'காப்போ'.
அதையே குட்டிக் கண்ணாடிக் குவளையில் என்றால்
'காப்போ இன் பி'.
ரோமில் கற்றுவந்த காப்பிப் பாடம்
இங்கே பாதிதான் செல்லும்.

பெரிய சதுக்கத்தின் மூன்று பக்கம் கட்டடங்கள்,
நான்காவது பக்கம் கடல்.
இன்னும் கட்டி முடிக்கவில்லையா என்று
போன மாதம் ஒரு பையன் கேட்டான்.
பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோடையில் பெதோச்சினில் குளிக்கலாம்.
கடற்கரையை வெட்டிக்கொண்டு
தண்ணீர்வரை இறங்குகிறது ஒரு வெள்ளைச் சுவர்:
ஆண்கள் அந்தப் பக்கம், பெண்கள் இந்தப் பக்கம்.
இடிக்கலாமே என்று எவராவது சொன்னால்
முதலில் குறுக்கே படுப்பவள் என் அக்கா நேவியா.
வயிற்றை உள்ளிழுக்காமல்
நான் மூச்சுவிடும் ஒரே இடம் அது, என்பாள்.
(ஃபுல்வியோ இதை அடித்துவிட்டார்.)

மேலே கார்ஸ்ட் மேட்டில், சாலை பிரியும் இடத்தில்
பச்சைக் கிளை தொங்கினால்
அம்பு காட்டும் வழியே போங்கள்.
யாரோ ஒருவர் வீட்டு முற்றத்தில்
அவர்கள் பிழிந்த ஒயின், அவித்த முட்டை, பன்றித்தொடை.
கிளையை இறக்கிவிட்டால் அது மறுபடி வெறும் வீடு,
கதவைத் தட்டாதீர்கள்.
அங்கே ஸ்லோவேனிய மொழியும் பேசுவார்கள்.
என் அப்பாவின் அப்பா
வோதோபிவெத்ஸாகத் தூங்கப் போய்
அரசாணைப்படி பெவிலாக்குவாவாக எழுந்தவர்.
இரண்டுக்கும் ஒரே பொருள்: தண்ணீர் குடிப்பவன்.
அவர் குடித்தது வேறு.
ஆகவே உங்கள் பெயரை
ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுங்கள்,
நான் ஒவ்வொரு எழுத்தாக எழுதுவேன்.

காற்றின் பெயர் போரா.
வானம் வெளுத்திருந்தால் தெளிந்த போரா,
மூடியிருந்தால் இருண்ட போரா.
தள்ளுவதில் இரண்டும் ஒன்றுதான்.
குடைக்குச் செலவழிக்காதீர்கள்.
மறுநாள் குப்பைத்தொட்டிகளில் பாருங்கள்,
கம்பிச் சிறகு முறிந்த வவ்வால்கள்.
முன்பு தெருமுனைகளில்
பிடித்து நடக்கக் கயிறு கட்டினார்கள்.

கயிறுதான் இப்போது இல்லையே, நீக்கு, என்றார்.

பிப்ரவரியில் கெத்தெவான் வந்தாள்,
குதாய்சிக்காரி, முதியவர் ஒருவரைப் பராமரிக்கிறவள்.
வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்க
நான்கு மாதம் அலைந்த படிவம் கையில்.
எங்கள் வாசல்படி ஏறும்போது
போரா அதைப் பிடுங்கிக்கொண்டது.

மீன்கடைக்காரர் ஓடினார், ரப்பர் காலணியோடு.
நாய் நடத்திக்கொண்டிருந்த ஒருவர்
நாயை விட்டுவிட்டு ஓடினார்.
பத்தாம் எண் பேருந்தை
நடுச்சாலையில் நிறுத்திவிட்டு இறங்கிய ஓட்டுநர்
ஓங்கி மிதித்தார்.
உள்ளே இருந்தவர்கள் கைதட்டினார்களாம்.

கையெழுத்தின் மேல் பூட்ஸ் தடம்.
சேதமான படிவம் செல்லாது என்பது விதி;
அந்த விதியைச் சுவரில் ஒட்டியவளே நான்தான்.
தடத்துக்குப் பக்கத்தில் இடம் பார்த்து
என் முத்திரையைக் குத்தினேன்.

ஃபுல்வியோ,
பக்கம் நிறைந்துவிட்டது.
கயிறு அப்படியே இருக்கிறது.
கடைசி வரி மட்டும் தடித்த எழுத்தில் வரட்டும்:

தாள்களைக் கையில் பிடித்து வராதீர்கள்,
சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போடுங்கள்.